அணைவுச் சேர்மத்தில் எந்த மாற்றியம்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

உலோகத்தைச் சுற்றி ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்திருப்பது அணைவுச் சேர்மம்; ஒரே வாய்பாடும் வேறு அமைப்பும் கொண்டவை மாற்றியங்கள். அணைவுச் சேர்மங்களின் மாற்றியங்களைப் பாடப்புத்தகம் வகைவாரியாகச் சொல்லித் தருகிறது: அயனியாதல், கரைப்பானேற்றம், இணைப்பு, அணைவு, வடிவம், ஒளியியல். தேர்வுக்கு அது போதும். ஆனால் சோதனைக்குழாயோடு நிற்பவருக்கு வகையின் பெயர் தெரியாது, அறிகுறி மட்டும்தான் தெரியும். நிறம் மாறியிருக்கும், வீழ்படிவு அதிகமாக வந்திருக்கும், போலாரிமீட்டர் (ஒளியின் தளத்தைக் கரைசல் எவ்வளவு சுழற்றுகிறது என்று அளக்கும் கருவி) சுழியிலேயே நிற்கும். அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கி வகைக்குப் போகிறேன்.

முதலில் ஒரு பழக்கம். கரைசல் தயாரித்த நேரத்தையும் சோதனை செய்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். பல மாற்றியங்கள் தண்ணீரில் விழுந்த நொடியிலிருந்தே மாறத் தொடங்குகின்றன. ஆய்வகத்தில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் "எது" என்ற கேள்வியில் இல்லை, "எப்போது" என்ற கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

அறிகுறி: குளோரைடு கணக்கு ஒத்துவரவில்லை

பச்சை நிறக் குரோமியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டை எடுக்கிறீர்கள். சில்வர் நைட்ரேட் சேர்த்து வீழ்படிவை எடை போட்டால் ஒரு மோலுக்கு ஒரு மோல் சில்வர் குளோரைடு வர வேண்டும் என்கிறது புத்தகம். உங்களுக்கோ ஒன்றரை வருகிறது, பக்கத்து மேசையில் இரண்டு வருகிறது.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். இந்தச் சேர்மத்தின் மோலார் நிறை ஏறத்தாழ 266.5 கிராம். 0.266 கிராம் எடுத்தால், அணைவுக் கோளத்துக்கு (உலோகமும் அதோடு நேரடியாகப் பிணைந்தவையும்) வெளியே ஒரு குளோரைடு இருந்தால் 0.143 கிராம் சில்வர் குளோரைடு கிடைக்கும். இரண்டு இருந்தால் 0.287, மூன்று இருந்தால் 0.430. கடைகளில் விற்கும் கரும்பச்சைப் பொருளில் இரண்டு குளோரைடும் நான்கு தண்ணீரும் குரோமியத்தோடு பிணைந்திருக்கின்றன. ஒரு குளோரைடு வெளியே எதிரயனியாகவும், இரண்டு தண்ணீர் படிகத்தில் சும்மாவும் இருக்கின்றன. ஒரு குளோரைடு மட்டும் உள்ளே இருந்தால் நீலம் கலந்த பச்சை, எதுவும் உள்ளே இல்லாவிட்டால் ஊதா.

இப்போது நேரம். கரும்பச்சைப் பொருளைக் கரைத்து வைத்தால், உள்ளே இருக்கும் குளோரைடுகளைத் தண்ணீர் ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். கரைசல் மெல்ல நீலப்பச்சையாகி, நாள்கணக்கில் விட்டால் ஊதாவை நோக்கிப் போகும். சில்வர் அயனி வேறு குளோரைடை இழுத்து இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்தும். எனவே ஒன்றரை மோல் வந்தது என்றால் உங்கள் மாதிரி தவறு என்று அர்த்தம் இல்லை. பாதி வழியில் எடை போட்டிருக்கிறீர்கள்.

சரிசெய்யும் முறை இதுதான். பனிக்கட்டியில் வைத்த தண்ணீரில் சிறிது நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, அதில் பொருளைக் கரைத்த உடனே சில்வர் நைட்ரேட்டை ஊற்றி, தாமதிக்காமல் வடிகட்டுங்கள். சூடாக்க வேண்டாம். வடிநீரைத் தூக்கி எறியாமல் ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுபடி கலங்கியிருந்தால் அது உள்ளேயிருந்து பிறகு வெளியேறிய குளோரைடு. முதல் வீழ்படிவு மட்டும்தான் உங்கள் விடை.

தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோய் யாராவது குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தால், அதிலிருக்கும் குளோரைடே உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். பொருள் சேர்க்காத வெறும் தண்ணீரில் ஒரு சோதனை செய்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீரும்.

வேறு வழியில் உறுதிசெய்ய வேண்டுமா? அடர் கந்தக அமிலம் வைத்த டெசிக்கேட்டரில் (ஈரம் நீக்கும் மூடிய பாத்திரம்) பொருளை வையுங்கள். படிகத்தில் சும்மா இருக்கும் தண்ணீர் மட்டும் போகும், உலோகத்தோடு பிணைந்த தண்ணீர் போகாது. கரும்பச்சை மாற்றியம் எடையில் சுமார் 13.5 விழுக்காடும், நீலப்பச்சை சுமார் 6.8 விழுக்காடும் இழக்கும். ஊதா எதையும் இழக்காது. இங்கே கரைசலே இல்லாததால் நேரப் பிரச்சினையும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அறிகுறி: பேரியமும் வீழ்படிவு தருகிறது, சில்வரும் தருகிறது

அயனியாதல் மாற்றியத்தில் வரும் குழப்பம் இது. ஐந்து அம்மோனியாவோடு புரோமைடு உள்ளேயும் சல்பேட் வெளியேயும் இருக்கும் கோபால்ட் உப்பு ஊதா நிறம். சல்பேட் உள்ளே, புரோமைடு வெளியே என்றால் சிவப்பு. முதலாவது பேரியம் குளோரைடோடு வெண்ணிற வீழ்படிவு தரும், இரண்டாவது சில்வர் நைட்ரேட்டோடு வெளிர் மஞ்சள் வீழ்படிவு தரும். ஒன்று வந்தால் மற்றது வரக்கூடாது.

இரண்டும் வந்தால் உடனே கலவை என்று முடிவு கட்ட வேண்டாம். சில்வர் சல்பேட் தண்ணீரில் குறைவாகத்தான் கரையும், 100 மில்லிலிட்டரில் ஒரு கிராம்கூட இல்லை. ஊதா உப்பின் கரைசல் அடர்த்தியாக இருந்தால் வெளியே இருக்கும் சல்பேட்டே சில்வரோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். கரைந்துவிட்டால் அது சில்வர் சல்பேட், கரையாமல் வெளிர் மஞ்சளாகவே நின்றால் சில்வர் புரோமைடு. பேரியச் சோதனையில் வந்த வீழ்படிவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாமல் நிற்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டும் நின்றால் மாதிரி கலவைதான்.

அறிகுறி: இளஞ்சிவப்புப் பொடி புட்டியிலேயே மஞ்சளாகிறது

தொடக்கூட இல்லை, தானாக மாறிவிட்டது என்று சொல்வார்கள். உண்மைதான். அது நைட்ரைட்டோ மாற்றியமாக இருந்திருக்கும்.

நைட்ரைட் அயனி ஆக்சிஜன் வழியாகவும் உலோகத்தோடு பிணையும், நைட்ரஜன் வழியாகவும் பிணையும். இந்த இணைப்பு மாற்றியங்களை டென்மார்க்கின் யோர்கென்சன் 1894-லேயே ஐந்து அம்மோனியா கொண்ட கோபால்ட் உப்பில் தனித்தனியாக எடுத்துக் காட்டினார். ஆக்சிஜன் வழி பிணைந்தது இளஞ்சிவப்பு, நைட்ரஜன் வழி பிணைந்தது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. குளிரில் தயாரித்தால் முதலில் கிடைப்பது சிவப்பு. ஆனால் நிலைத்தன்மை அதிகம் மஞ்சளுக்குத்தான். அதனால் சிவப்புப் பொடி திண்ம நிலையிலேயே, அறை வெப்பநிலையிலேயே, மெல்ல மெல்ல மஞ்சளாகிறது. சூடாக்கினால் சீக்கிரம் மாறும். வெயிலிலோ புறஊதா ஒளியிலோ வைத்தால் எதிர்த்திசையில் மஞ்சள் சிவப்பாகும். ஜன்னலோரம் வைத்த புட்டியும் அலமாரிக்குள் வைத்த புட்டியும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம்.

சிவப்பு வேண்டுமென்றால் தயாரிப்பு முழுவதும் பனிக்கட்டியிலேயே நடக்கட்டும். உலர்த்தும்போதும் சூட்டடுப்பில் வைக்காதீர்கள். அகச்சிவப்பு நிறமாலையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1430, 1315, 825 அலை எண்களில் பட்டைகள் வந்தால் நைட்ரஜன் வழி. 1065-ஐ ஒட்டி வலுவான பட்டை வந்தால் ஆக்சிஜன் வழி. இரண்டு தொகுதியும் சேர்ந்து தெரிந்தால், மாற்றம் பாதியில் இருக்கிறது.

இங்கே ஒரு அழகான விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1950-களில் அமெரிக்க வேதியியலாளர் ஹென்றி டாபும் அவருடைய சகாவும் ஆக்சிஜன் ஐசோடோப்பை வைத்துப் பார்த்தபோது, நைட்ரைட்டோ உண்டாகும் வேளையில் கோபால்ட்–ஆக்சிஜன் பிணைப்பு முறியவே இல்லை என்று தெரிந்தது. நைட்ரைட் வந்து கோபால்ட்டில் ஒட்டவில்லை. கோபால்ட்டில் ஏற்கெனவே இருந்த ஹைட்ராக்சைடின் ஆக்சிஜன் மீது நைட்ரஜன் வந்து சேர்ந்தது. குளிரில் ஆக்சிஜன் வழி மாற்றியம் ஏன் முதலில் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

தயோசயனேட்டிலும் இதே கதைதான். கந்தகம் வழி பிணைந்தால் கார்பன்–நைட்ரஜன் பட்டை பொதுவாக 2100-க்கு மேலே கூர்மையாகவும், நைட்ரஜன் வழி பிணைந்தால் அதற்குக் கீழே அகலமாகவும் வரும்.

அறிகுறி: பச்சை வர வேண்டிய இடத்தில் ஊதா, அல்லது அழுக்குச் சாம்பல்

இரண்டு எத்திலீன்டைஅமீன், இரண்டு குளோரைடு கொண்ட கோபால்ட் அணைவு இது. இரண்டு குளோரைடும் எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ், அது பச்சை; பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சிஸ், அது ஊதா. இரண்டும் கலந்தால் சாம்பல். நீங்கள் செய்த தவறு அநேகமாக ஆவியாக்கும் கட்டத்தில் இருக்கும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் தாராளமாக இருக்கும்போது நீராவிக் குளியலில் வற்றவைத்தால் டிரான்ஸ் படியும். அமிலம் இல்லாமல் நடுநிலைக் கரைசலை வற்றவைத்தால் சிஸ் வரும். சாம்பல் வந்திருந்தால் அமிலம் போதவில்லை. அடர் அமிலம் சேர்த்து மறுபடி வற்றவையுங்கள், பச்சை திரும்பி வரும். முதலில் படியும் பச்சைப் படிகத்தில் ஹைட்ரஜன் குளோரைடும் தங்கியிருக்கும். அதை 110 டிகிரியில் உலர்த்தி வெளியேற்ற வேண்டும். விளைபொருளின் எடை அதிகமாக வந்தால் இந்த இடத்தைப் பாருங்கள்.

பச்சைப் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க விட்டால் காலையில் சிவந்த நிறத்தில் இருக்கும். அது சிஸ் என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. குளோரைடின் இடத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அது வேறு சேர்மம், மாற்றியமே அல்ல. வாய்பாடு மாறாமல் இருந்தால்தான் மாற்றியம் என்று பேச முடியும்.

நிறமாலைமானி இருந்தால், டிரான்ஸ் சுமார் 620 நானோமீட்டரிலும் சிஸ் சுமார் 530 நானோமீட்டரிலும் உறிஞ்சும். ஒரே செறிவில் சிஸ்தான் வலுவாக உறிஞ்சும், ஏனென்றால் அதற்குச் சமச்சீர் மையம் இல்லை.

அறிகுறி: மஞ்சள் பிளாட்டினம் சேர்மத்தோடு பச்சைத் தூள் வருகிறது

இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரைடும் கொண்ட சிஸ் பிளாட்டினம் சேர்மமான சிஸ்பிளாட்டினின் தயாரிப்பில் இது பழைய தொல்லை. பச்சைத் தூள் மாக்னஸ் உப்பு, 1828-லிருந்தே தெரிந்தது. நான்கு அம்மோனியா கொண்ட பிளாட்டினம் நேர் அயனியும், நான்கு குளோரைடு கொண்ட பிளாட்டினம் எதிர் அயனியும் சேர்ந்தது. எளிய வாய்பாடு சிஸ்பிளாட்டினுடையதேதான், நிறை மட்டும் இரண்டு மடங்கு. இதைப் பலபடியாதல் மாற்றியம் என்பார்கள். ஆகவே நைட்ரஜன், குளோரின் விழுக்காட்டை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நிறமும் கரைதிறனும்தான் காட்டிக்கொடுக்கும். பச்சை உப்பு தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது.

நிவாரணம் தாரா என்ற வேதியியலாளர் 1970-ல் இந்திய வேதியியல் இதழில் வெளியிட்ட முறை. நான்கு குளோரைடையும் முதலில் அயோடைடாக மாற்றி, பிறகு அம்மோனியா சேர்த்தால், அயோடைடின் வலுவான டிரான்ஸ் விளைவு (தனக்கு நேர் எதிரே இருக்கும் ஈனியை எளிதில் வெளியேறச் செய்யும் தன்மை) இரண்டு அம்மோனியாவையும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் அமர்த்திவிடும். அப்புறம் சில்வர் நைட்ரேட் கொண்டு அயோடைடை நீக்கி, குளோரைடைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இன்றும் உலகம் முழுவதும் இந்த வழியைப் பின்பற்றுகிறார்கள்.

கையில் இருப்பது சிஸ்ஸா டிரான்ஸா என்று சந்தேகம் வந்தால் குர்னகோவ் சோதனை செய்யலாம். தயோயூரியா சேர்க்க வேண்டும். அது முதலில் இரண்டு குளோரைடையும் வெளியேற்றும். சிஸ்ஸில் ஒவ்வொரு தயோயூரியாவுக்கும் நேர் எதிரே ஒரு அம்மோனியா இருப்பதால் அதையும் தள்ளிவிடும். நான்கு தயோயூரியா கொண்ட மஞ்சள் சேர்மம் கிடைக்கும். டிரான்ஸ்ஸில் அம்மோனியாக்கள் ஒன்றுக்கொன்று எதிரே இருக்கின்றன, அவற்றைத் தள்ள ஆளில்லை. அதனால் இரண்டோடு நின்று வெண்ணிறப் படிகம் வரும். சிஸ்பிளாட்டின் செல்களைத் தாக்கும் மருந்து. புகைபோக்கிப் பெட்டியும் கையுறையும் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடவே கூடாது.

அறிகுறி: போலாரிமீட்டர் சுழியிலேயே நிற்கிறது

நான்கு காரணங்கள் உண்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

அந்த மூலக்கூறுக்கு ஒளி சுழற்றும் தகுதி இருக்கிறதா? டிரான்ஸ் மாற்றியத்தில் சமச்சீர் தளம் இருந்தால் எவ்வளவு முயன்றாலும் சுழியே வரும். எத்திலீன்டைஅமீன் குளோரைடு அணைவில் சிஸ் மட்டும்தான் சுழற்றும்.

தகுதி இருந்தும் சுழி என்றால், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களும் சம அளவில் உள்ள, பிரிக்காத ரெசிமிக் கலவையாக இருக்கலாம். சாதாரணத் தயாரிப்பில் எப்போதும் பாதிக்குப் பாதிதான் வரும். மூன்று எத்திலீன்டைஅமீன் கொண்ட கோபால்ட் அணைவை ஒளி சுழற்றும் டார்ட்ரேட்டோடு சேர்த்தால் ஒரு வடிவம் மட்டும் முதலில் படிகமாகும். அதை அயோடைடாக மாற்றி அளந்தால் சோடியம் ஒளியில் தன்சுழற்சி 89 டிகிரியை ஒட்டி வரும். கணிசமாகக் குறைந்தால் பிரிப்பு முழுமையாகவில்லை, மறுபடிகமாக்குங்கள்.

மூன்றாவது, பிரித்த பிறகு இழந்துவிட்டது. நிறமுள்ள கரைசலைத் தெளிவாக்கக் கரித்தூள் போடும் பழக்கம் கரிம வேதியியலில் இருந்து வருகிறது. இந்தக் கோபால்ட் அணைவில் அதைச் செய்தால் கரித்தூளே வினையூக்கியாகி இரு வடிவங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சுழியாக்கிவிடும். மூன்று ஆக்சலேட் கொண்ட குரோமியம் அணைவுக்கு அதுகூட வேண்டாம், அறை வெப்பநிலைத் தண்ணீரிலேயே மணிக்கணக்கில் சுழற்சி தேய்ந்துகொண்டு போகும். கரைத்த உடனே, குளிரில் அளக்க வேண்டும்.

நான்காவது, கரைசல் அத்தனை கருப்பாக இருக்கிறது, சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் ஒளியே கடந்து வரவில்லை. நீர்க்கச் செய்து, குட்டையான குழாயில் அளந்து பாருங்கள்.

அணைவு வேதியியலின் முன்னோடி ஆல்ஃபிரட் வெர்னர் ஜூரிச்சில் 1911-ல் தம் மாணவர் விக்டர் கிங்கோடு சேர்ந்து கோபால்ட் அணைவை முதன்முதலாக ஒளியியல் வடிவங்களாகப் பிரித்தார். சுழற்சிக்குக் காரணம் ஈனியில் இருக்கும் கார்பன்தான் என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். 1914-ல் கார்பனே இல்லாத, நான்கு கோபால்ட் அணுக்கள் கொண்ட ஹெக்சால் அணைவைப் பிரித்துக் காட்டினார் அவர். அதோடு அந்த வாதம் முடிந்தது. உலோகத்தைச் சுற்றி ஆறு இடங்கள் கொண்ட எண்முகி வடிவத்தை நிறுவிய இந்த வேலையின் பொறுமையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

அறிகுறி: எண்ணிக்கை விடைக்குறிப்போடு ஒத்துவரவில்லை

இது தாளில் வரும் பிழை. கேள்வியை மறுபடி படியுங்கள்: வடிவ மாற்றியங்களைக் கேட்கிறார்களா, புறவெளி மாற்றியங்கள் (வடிவமும் ஒளியியலும் சேர்த்து) எல்லாவற்றையுமா? இரண்டு எத்திலீன்டைஅமீனும் இரண்டு குளோரைடும் உள்ள அணைவுக்கு முதல் கேள்வியின் விடை 2, இரண்டாவதன் விடை 3.

படம் வரைந்து வரைந்து எண்ணினால் ஒரே படம் திரும்பித் திரும்பி வரும். எதிரெதிர் இணைகளாக எழுதுங்கள். எண்முகியில் மூன்று இணைகள்தான் உண்டு. அ, ஆ, இ என்ற மூன்று ஈனிகள் ஒவ்வொன்றும் இரண்டு என்றால்:

அஅ, ஆஆ, இஇ
அஅ, ஆஇ, ஆஇ
ஆஆ, அஇ, அஇ
இஇ, அஆ, அஆ
அஆ, ஆஇ, இஅ

ஐந்து. கடைசி ஒன்றுக்கு மட்டும் சமச்சீர் தளம் இல்லாததால் ஆடிப் பிம்பம் தனியாக உண்டு, மொத்தம் ஆறு. மூன்று அ, மூன்று ஆ என்றால் "அஆ, அஆ, அஆ" ஃபேசியல், "அஅ, ஆஆ, அஆ" மெரிடியோனல், அவ்வளவுதான். இருமுனை ஈனியின் இரண்டு முனைகளையும் எதிரெதிர் இணையாக எழுதிவிடாதீர்கள், எத்திலீன்டைஅமீனுக்கு அவ்வளவு நீளம் கிடையாது. ஆறும் வெவ்வேறு ஈனிகள் என்றால் வடிவ மாற்றியங்கள் 15, பிம்பங்களோடு 30. நான்முகியில் சிஸ், டிரான்ஸ் என்ற பேச்சே இல்லை.

அறிகுறி: எப்படிச் செய்தாலும் ஒரே பொருள்தான் வருகிறது

நிக்கல், தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றின் சாதாரண இருமின்சுமை அயனிகளில் முயன்றீர்களா? அப்படியானால் தவறு உங்களுடையது அல்ல. தாமிர அயனியைச் சுற்றியுள்ள தண்ணீர் நொடிக்கு நூறு கோடித் தடவைக்கும் மேல் இடம் மாறுகிறது. மும்மின்சுமைக் குரோமிய அயனியில் ஒரு தண்ணீர் மாறும் அரைவாழ்வுக் காலம் மூன்று நாளுக்கு மேல். புத்தகத்தின் எடுத்துக்காட்டுகள் மும்மின்சுமைக் கோபால்ட், மும்மின்சுமைக் குரோமியம், பிளாட்டினம் ஆகியவற்றையே சுற்றி வருவதற்கு இதுதான் காரணம். அவற்றின் மாற்றியங்கள் நாம் பிடிக்கும் வரை காத்திருக்கின்றன.

திண்மத்தில் விதிவிலக்கு உண்டு. தாமிர கிளைசினேட்டில் சிஸ் முதலில் ஊசி ஊசியாகப் படிகிறது, சூடாக்கினால் டிரான்ஸ் தகடுகளாகிறது. இரண்டையும் தனித்தனியே கையில் எடுக்கலாம். தண்ணீரில் கரைத்தால் இரண்டும் ஒரே கரைசல்தான், அதனால் நிறமாலையைத் திண்மத்திலேயே எடுங்கள்.

அறிகுறி: எந்தச் சோதனையும் வித்தியாசம் காட்டவில்லை

கோபால்ட்டில் ஆறு அம்மோனியா, குரோமியத்தில் ஆறு சயனைடு, அல்லது நேர்மாறாக. இது அணைவு மாற்றியம். காந்தத் திருப்புத்திறனை அளந்து பயன் இல்லை. எப்படி மாற்றினாலும் மும்மின்சுமைக் குரோமியத்தில் மூன்று இணையாகாத எலக்ட்ரான்கள், மும்மின்சுமைக் கோபால்ட்டில் ஒன்றும் இல்லை, கணக்கு ஒன்றேதான். வெளியே தனி அயனி எதுவும் இல்லாததால் சில்வரும் பேரியமும் உதவாது.

நேர் அயனிப் பரிமாற்ற ரெசினைச் சோடியம் வடிவில் எடுத்து, கரைசலை அதன் வழியே விடுங்கள். அம்மோனியா கொண்ட நேர் அயனி ரெசினில் தங்கிவிடும், சயனைடு கொண்ட எதிர் அயனி கீழே இறங்கும். இறங்கியதைச் சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். குரோமேட்டின் மஞ்சள் வந்தால் சயனைடு குரோமியத்தோடு இருந்தது. ரெசினை அமில வடிவில் எடுக்காதீர்கள், எந்தக் கட்டத்திலும் அமிலம் சேர்க்காதீர்கள்: குரோமியத்தின் சயனைடு அணைவிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சு வாயு வெளியேறும்.